தபால்காரியின் ஐந்து பாகங்கள்

நேற்று நம் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு கேள்வி போட்டிருந்தாள். பாகம் பாகமாக வந்த அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் சாகச விளையாட்டுகளை அவள் ஆடியதே இல்லையாம், எதிலிருந்து தொடங்கலாம் என்று. சாயங்காலத்துக்குள் நீங்கள் எல்லோரும் பட்டியல் போட்டுவிட்டீர்கள். படம் பழசாகத் தெரியும், சகித்துக்கொள் என்றார் ஒருவர். முடிச்சு அவிழவில்லை என்றால் விடையைத் தேடிப் படித்துவிடு என்றார் இன்னொருவர். மூன்றாமவர்தான் கொஞ்சம் காரமாக எழுதியிருந்தார்: "அதெல்லாம் ஏமாற்று வேலை. எதைத் தேர்ந்தெடுத்தாலும் கதை ஒரே இடத்துக்குத்தான் போகும். வேண்டாம்."

நான் ஒன்றும் எழுதவில்லை. எங்கே காணோம் என்று கேட்டீர்கள். நாம் முப்பதைத் தாண்டியவர்கள். மவுஸ் பிடித்த மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்தாயிற்று. இந்த உலகத்தில் அது கிழட்டு வயதுதான். கிழவி நீளமாகப் பேசுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அப்போது பதினான்கு வயது. போர்ட் பிளேரில், குட்வில் எஸ்டேட்டில், சித்தி வீட்டில் இருந்தேன். சித்தி என் அம்மாவின் தங்கை. ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. ஷிஃப்ட் மாறி மாறி வரும். சித்தப்பாவுக்குத் தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலில் வேலை. மாதத்தில் பாதி நாள் தண்ணீரில் இருப்பார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பள்ளி விட்டு வந்தால் பூட்டிய கதவுதான் இருக்கும். சாவி மீட்டர் பெட்டிக்குள். தகரக் கூரையில் மழை விழுந்தால் டிவி சத்தமும் கேட்காது. அந்த இரைச்சலில் சோறு போட்டுத் தின்றுவிட்டு, சித்தி வரும்வரை வாசற்படியில் உட்கார்ந்திருப்பேன்.

அதற்கு முன் நாங்கள் நிக்கோபார் பக்கம் கச்சால் தீவில் இருந்தோம். ரப்பர் தோட்டம். இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்களை அங்கே கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். எங்கள் குடும்பமும் அதில் ஒன்று. அப்பாவும் அம்மாவும் பால் வெட்டுகிறவர்கள். எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் வந்தது. அம்மா போய்விட்டாள். அப்பாவும் நானும் மேட்டில் ஏறித் தப்பினோம். எனக்கு நினைவிருப்பது அப்பாவின் ஈர முதுகும், வாயில் உப்பும், எங்கோ நாய் ஊளையிட்டதும்தான்.

போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்து முகாமில் வைத்திருந்தார்கள். அங்கே கஞ்சிக்கு வரிசையில் நிற்கும்போது, எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "அந்தாளுதான். புள்ளையப் புடிச்சான், பொண்டாட்டிய வுட்டுட்டான்." நான் பின்னால் நிற்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இது விளங்காது என்று நினைத்திருப்பாள்.

அப்பா பாராடாங் தீவுக்குப் போய்விட்டார். அங்கே ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், மஸ்தூராகக் கூலி வேலை கிடைத்தது. வண்டிகளை ஏற்றிக் கடத்துகிற படகில் கயிறு கட்டுவது, பலகை போடுவது. என்னைச் சித்தியிடம் விட்டுவிட்டு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை டிரங்க் ரோடு பஸ்ஸில் வருவார். ஒரு செய்தித்தாளில் பொதிந்த நண்டோ, ஒரு சீப்பு வாழைப்பழமோ கையில் இருக்கும். "படிக்கிறியா புள்ள" என்பார், சுவரைப் பார்த்துக்கொண்டு. "படிக்கிறேன்பா" என்பேன். மறுநாள் விடியற்காலை பஸ்ஸில் போய்விடுவார். ஐந்து வருடத்தில் ஒருமுறைகூட என் முகத்தை நேராகப் பார்த்ததில்லை. எனக்குக் காரணம் தெரியும் என்று நினைத்திருந்தேன். அவர் என்னைப் பிடித்தார், அம்மாவை விட்டார். பிறகு வருத்தப்படுகிறார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் தப்பான ஆளைப் பிடித்துவிட்டோமே என்று தோன்றுகிறது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வருட மழைக்காலத்தில்தான் எங்கள் மாடி அறைக்கு இன்ஜினியர் அக்கா குடிவந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. சுனாமியில் வீடு போனவர்களுக்குத் தீவுகளில் கட்டிக்கொண்டிருந்த வீடுகளுக்கு ஒரு கான்ட்ராக்டரிடம் சைட் இன்ஜினியர். இரண்டு மூன்று வாரம் சைட்டில் இருப்பாள், ஒரு வாரம் இங்கே. கல்யாணம் ஆகவில்லை, தனியாக இருக்கிறாள் என்பதே அந்தத் தெருவுக்குப் போதுமான செய்தி. அவள் பூட்ஸிலிருந்து காய்ந்த சிமென்ட் படிக்கட்டெல்லாம் உதிர்ந்து கிடக்கும். சித்தி முணுமுணுத்துக்கொண்டே பெருக்குவாள்.

ஒருநாள் அவள் வெளியே போயிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. கொடியில் கிடந்த அவள் துணிகளை எடுத்து மடித்து வைத்திருந்தேன். வந்து பார்த்துவிட்டு, "ஏட்டி, நீயா எடுத்த? உள்ள வா" என்றாள். அறையில் ஒரு கட்டில், சுவரில் ஜெபமாலை, ஒரு பிளாஸ்டிக் மேசை, அதன்மேல் லேப்டாப். பக்கத்தில் ஜிப் வைத்த பையில் நிறைய சிடிகள். கப்பலில் வரும்போது அவ்வளவையும் மடியில் வைத்துக் கொண்டுவந்தாளாம். இங்கே இன்டர்நெட்டில் ஒரு படம் திறப்பதற்குள் டீ ஆறிவிடும் என்று அவளுக்கு யாரோ முன்பே சொல்லியிருக்கிறார்கள்.

"கம்ப்யூட்டர்ல விளாண்டிருக்கியா?"

"ஸ்கூல்ல சீட்டு மட்டும்."

அவள் பையைத் திறந்து ஒவ்வொன்றாகத் தள்ளினாள். இது சுடுற விளையாட்டு, தலை சுத்தும். இது கார், உனக்கு அலுத்துப்போகும். கடைசியில் ஒரே மாதிரி உறை போட்ட ஐந்து சிடிகளை எடுத்தாள். "இது பழசு. அஞ்சு பாகம். ஒரு பாகம் ரெண்டு மணி நேரந்தான். வெறும் மவுசுதான். உன்ன யாரும் சுட மாட்டான், நீயும் சாவ மாட்ட. முழிச்சிக்கிட்டு நின்னாலும் அது பாட்டுக்குக் காத்துக் கிடக்கும். ஆனா ஒரு கண்டிஷன். ஒரு பாகம் முடிச்சா, அடுத்தது நான் சைட்டுக்குப் போயிட்டு வந்த பெறவுதான்."

"ஏன்க்கா?"

"அப்பந்தான் அது உள்ள கிடந்து ஊறும்."

நம் குழுவில் யாருக்காவது நான் இதையே சொல்லியிருந்தால், அது என் ஞானம் இல்லை, அவளுடையது.

விளையாட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் கதையை விட்டுவிட்டு மதிப்பெண் போட ஆரம்பித்துவிடுவீர்கள். பனி விழும் ஊர் ஒன்று. நிறைய கால்வாய்கள். அங்கே ஒரு தபால்காரி படகில் போய் வீடு வீடாகக் கடிதம் கொடுக்கிறாள். அனுப்பியவர் பெயர் இல்லாத கடிதங்கள் வர ஆரம்பிக்கின்றன. யார் எழுதுகிறார்கள் என்று அவள் தேடுகிறாள். அவ்வளவுதான். பனியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. வெளியே தகரத்தில் அந்தமான் மழை கொட்டிக்கொண்டிருக்கும். திரையில் சத்தமே இல்லாமல் வெள்ளை வெள்ளையாக விழும். லேப்டாப்பின் சூடு தொடையில் ஏறும். கரண்ட் போனால் பேட்டரி அரை மணி நேரம் தாங்கும். அதற்குள் சேவ் செய்ய வேண்டும். புரியாத ஆங்கில வார்த்தைகளையும் கால்வாய்களின் வரைபடத்தையும் ஒரு கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிவைத்தேன். அந்த நோட்டு இப்போது இல்லை.

அக்கா சைட்டுக்குப் போகும் வாரங்களில் நான் பள்ளிக்கு நடக்கும்போதே தபால்காரியைப் பற்றி யோசித்துக்கொண்டு போவேன். தனியாக நடப்பதற்கு ஒரு துணை கிடைத்த மாதிரி இருந்தது. அவளும் தனியாகத்தான் போகிறாள்; அவளுக்கு ஒரு வேலை இருக்கிறது. இரண்டாவது பாகத்தில் ஒரு கிழப் படகோட்டி வந்தார். அவளுக்குத் துடுப்பு செதுக்கித் தந்தார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. தபால்காரியின் அக்கா ஒருத்தியும் வந்தாள். எப்போது பார்த்தாலும் தங்கையைத் திட்டிக்கொண்டிருப்பாள், ஆனால் ரொட்டி எடுத்து வைத்திருப்பாள்.

மூன்றாவது பாகத்தின் கடைசியில் கால்வாயில் வெள்ளம் வருகிறது. கிழவரும் அக்காவும் தண்ணீரில் கிடக்கிறார்கள். தபால்காரியின் படகில் இன்னும் ஒருவருக்குத்தான் இடம். யாரை ஏற்றுவது என்று நாம் மவுஸால் காட்ட வேண்டும்.

இன்ஜினியர் அக்கா அப்போது பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு தபால்காரியின் அக்காவைக் காட்டினேன். கிழவர் போய்விட்டார். சேவ் செய்த இடத்துக்குத் திரும்பிப் போய்க் கிழவரைக் காட்டினேன். அக்கா போய்விட்டாள். மறுபடி. மறுபடி. எத்தனை முறை என்று தெரியாது. ஈரக் கையோடு இன்ஜினியர் அக்கா உள்ளே வந்தபோது நான் அழுதுகொண்டே கிளிக் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அய்யோ. நான் யோசிக்கவே இல்லியே" என்று மெதுவாகச் சொன்னாள்.

"எங்கப்பா என்னப் புடிச்சாங்க" என்றேன். "அம்மாவ வுட்டுட்டாங்க. இப்ப என்னப் பாக்கவே மாட்டேங்கிறாங்க."

வாழ்க்கையில் முதல்முறையாக அதை வாய்விட்டுச் சொன்னேன்.  அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். பிறகு தன் கண்டிஷனைத் தானே மீறி நான்காவது சிடியை எடுத்துப் போட்டாள். அக்காவைக் காப்பாற்றிய சேவில் கொஞ்ச நேரம், கிழவரைக் காப்பாற்றிய சேவில் கொஞ்ச நேரம் ஆடினோம். ஒன்றில் அக்கா ரொட்டி வைக்கிறாள். இன்னொன்றில் கிழவர் மீன் வைக்கிறார். இரண்டு மூன்று பேச்சு மாறுகிறது. மற்றதெல்லாம் அதேதான். அதே வீடுகள், அதே பனி. தபால்காரி அதேபோல மறுநாள் காலை பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறாள்.

"இதுதான் இந்த கேமோட பெரிய குறைன்னு எல்லாரும் எழுதியிருக்கான்" என்றாள் இன்ஜினியர் அக்கா, கொஞ்சம் வெட்கப்பட்டவள்போல. "எதப் புடிச்சாலும் ஒண்ணுதான்னு."

எனக்கு அது குறையாகப் படவில்லை. யாரைப் பிடித்திருந்தாலும் மிச்சமிருப்பவர் மறுநாள் எழுந்து வேலைக்குப் போகத்தான் வேண்டும். அப்பாவும் அப்படித்தான் போனார் என்று அன்று முதல்முறையாகத் தோன்றியது. ஏமாற்று வேலை என்று எழுதிய நண்பரே, உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. நீங்கள் சொல்வது சரிதான். நான் ஆடிய இடம் வேறு, அவ்வளவுதான்.

ஷிஃப்ட் முடிந்து வந்த சித்தி என் முகத்தைப் பார்த்துவிட்டாள். என்ன ஏது என்று குடைந்ததில், தண்ணீரில் இரண்டு பேர், படகில் ஒருவருக்கு இடம் என்பது வரை சொல்லிவிட்டேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு ஏறினாள்.

"இஞ்சினியரம்மா, ஒங்களுக்கு வேற புள்ள கெடைக்கலியா? அம்மா எப்டி செத்தா, யாரு வுட்டா, யாரு புடிச்சான்னு கேக்குறதுக்கு எத்தன பேரு வந்தாங்க தெரியுமா? பேப்பரத் தூக்கிக்கிட்டு வருவாங்க, அழ வைப்பாங்க, போட்டோ எடுத்துக்கிட்டு மெயின்லேண்டு போயிருவாங்க. நீங்களும் அதுக்குத்தானா?"

"இல்லக்கா, அது வெறும் வெளையாட்டு..."

"ஏங் அக்கா செத்தது ஒங்களுக்கு வெளையாட்டா?"

 எனக்கு அப்போது சித்திமேல் ஆத்திரம். இன்று யோசித்தால், முகாம் நாட்களில் படிவமும் கேமராவுமாக வந்தவர்களையெல்லாம் எதிர்கொண்டவள் சித்திதான். அம்மாவின் பெயரை எத்தனை படிவங்களில் எத்தனை முறை சொல்லியிருப்பாள். அவள் ஆளைத்தான் தவறாக எடைபோட்டாள். மறுநாளிலிருந்து மாடிக்குப் போகக்கூடாது என்று ஆயிற்று. அப்பாவுக்கும் போன் போட்டாள். "ஒங்க மவள நீங்களே வந்து பாருங்க மச்சான். என்னால முடியல. சென்னையில ஹாஸ்டல்ல போடுறதுன்னாலும் போடுங்க."

இரண்டு நாள் கழித்து அப்பா வந்தார். கையில் ஒன்றும் இல்லாமல் வந்தது அதுதான் முதல்முறை. சித்தி சொன்னதையெல்லாம் சுவரைப் பார்த்தபடி கேட்டார். பிறகு எழுந்து மாடிக்குப் போனார். சண்டை வரப்போகிறது என்று நினைத்து நான் பின்னாலேயே ஓடினேன். கதவைத் திறந்த இன்ஜினியர் அக்காவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். ஒரு அடி பின்வாங்கினாள்.

"மேடம், புள்ள என்னா ஆட்டம் ஆடிச்சின்னு எனக்குக் காட்டுவீங்களா" என்றார் அப்பா.

அவள் மூன்றாவது சிடியை எடுத்தாள். நான் அதைத் தடுத்தேன். "மொதல் பாகத்துலேர்ந்துதான் ஆடணும். இல்லன்னா அவங்க யாருன்னே தெரியாது" என்றேன். நான் ஒருவருக்கு ஒரு விளையாட்டைச் சிபாரிசு செய்தது அதுதான் முதல்முறை. அந்தப் புதியவர் மவுஸையே தொட்டதில்லை.

பால் வெட்டிக் காய்த்த விரல்கள். மவுஸ் மேசையைத் தாண்டி மூன்று முறை கீழே விழுந்தது. நான் ஆங்கிலத்தைத் தமிழில் சொல்லச் சொல்ல, "சரி, இப்ப அந்த ஊட்டுக்குப் போவலாம்" என்பார். முதல் பாகத்தில் ஒரு பூனை கடிதத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும். அதற்கு அப்பா சிரித்தார். அவர் சிரிப்பு எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. சித்தி இரண்டு முறை கீழிருந்து கூப்பிட்டாள். மூன்றாவது முறை டீயை மேலே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். முதல் நாள் ஒரு பாகம். மறுநாள் இரண்டு. அப்பா ஜெட்டிக்குப் போன் செய்து, "பேட்டி கா காம் ஹை" என்று இந்தியில், மகள் விஷயமாக வேலை இருக்கிறதென்று, இன்னொரு நாள் லீவு சொன்னார்.

வெள்ளம் வந்தது. இன்ஜினியர் அக்கா எழுந்து வெளியே போய்விட்டாள். அப்பா மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். அது பழைய விளையாட்டு, அவசரப்படுத்தாது. படகு ஆடிக்கொண்டே இருந்தது. இரண்டு பேரும் தண்ணீரில் கையை நீட்டிக்கொண்டே இருந்தார்கள்.

"நீ என்னா நெனச்சிக்கிட்டிருக்க" என்றார், திரையைப் பார்த்தபடி. "நா ஒன்னயப் புடிச்சேன்னா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"நா ஒன்னயப் புடிக்கல புள்ள. ரெண்டு கையாலயும் ஒங்கம்மாவத்தான் புடிச்சிருந்தேன். நீதான் ஏங் கழுத்தக் கட்டிக்கிட்டுத் தொங்குன. மரம் ஒண்ணு வந்து அடிச்சிச்சி, அம்மா கை வுட்டுப் போச்சி. மேட்டுல ஏறுன பொறவுதான் முதுகுல நீ இருக்கிறதே எனக்குத் தெரியும்." மவுஸைத் தள்ளிவைத்தார். "ஒன்னய நெனைக்கவே இல்ல நா. அது ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு ஒன்னயப் பாப்பேன்?"

 ஐந்து வருடம் இரண்டு பேரும் ஒரே சுவரின் இரண்டு பக்கம் உட்கார்ந்திருந்தோம். வெளியே மழை விட்டிருந்தது. அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். அவர் கண் அவ்வளவு சிவந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"இதுல இப்ப என்னா பண்ணணும்?" என்றார்.

"யாரையாச்சும் காட்டணும்பா."

"வேணாம். இப்புடியே இருக்கட்டும்."

அப்படியே மூடிவைத்தோம்.

அந்தப் பள்ளி ஆண்டு முடிந்ததும் அப்பா என்னைப் பாராடாங்குக்கே கூட்டிக்கொண்டு போனார். ஐந்தாவது பாகத்தை நான் ஆடவில்லை. அதற்கு முன்பே இன்ஜினியர் அக்காவை வேறு சைட்டுக்கு மாற்றி, அங்கிருந்து மெயின்லேண்ட் அனுப்பிவிட்டார்கள். அவள் போனபோது நான் பள்ளியில் இருந்தேன். விடைபெறக்கூட இல்லை. முகவரியும் தெரியாது. சித்தியும் அவளும் கடைசிவரை பேசிக்கொள்ளவில்லை.

பாராடாங் போகும்போது, காட்டுவழியில் வண்டிகளைக் கூட்டமாகக் கூட்டிப்போகும் கான்வாய்க்காக பஸ் நின்றுகொண்டிருந்தது. அப்பா கேட்டார், "அந்தத் தபால்காரப் பொண்ணு கடைசியில என்னா ஆனா?" எனக்குத் தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. நானே ஒன்று சொன்னேன். கடிதம் எழுதியது தூரத்தில் தனியாக இருந்த ஒரு சின்னப் பெண் என்றும், தபால்காரி அவளைப் படகில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டாள் என்றும். "அப்ப சரி" என்றார் அப்பா.

பல வருடம் கழித்து, சென்னையில் வேலையில் இருக்கும்போது, ஐந்தாவது பாகத்தைத் தேடிப் பிடித்து ஆடினேன். உண்மையான முடிவில் அவள் யாரையும் கண்டுபிடிக்கவில்லை. தனியாகப் படகை விட்டுக்கொண்டு போகிறாள். திரை வெள்ளையாகிவிடுகிறது. அன்று ஞாயிற்றுக்கிழமை. நாள் முழுக்க அறையில் யாரோடும் பேசாமல் இருந்தேன். பேசவும் யாரும் இல்லை. அப்பாவுக்குப் போன் செய்தேன், ஆனால் இதைச் சொல்லவில்லை.

போன வருடம் அப்பா இறந்தார். காரியத்துக்குப் பாராடாங் போயிருந்தபோது, அவரோடு ஜெட்டியில் வேலை பார்த்த பெங்காலிக்காரர் வந்து உட்கார்ந்தார். "உன் அப்பா ஒரு கதை சொல்லுவார், பேட்டி" என்றார் இந்தியில். "படகு வராத நேரத்தில் எல்லோரும் அதைக் கேட்போம். ஒரு சிட்டிவாலி, கடிதம் கொண்டுபோகிறவள் கதை. அதில் ஒரு பூனைகூட உண்டு."

முழுக்கச் சொல்லச் சொன்னேன். சொன்னார். பூனை வந்தது, துடுப்பு வந்தது, ரொட்டி வந்தது. முடிவு பஸ்ஸில் நான் சொன்னபடியே இருந்தது. வெள்ளம் வரும் இடத்தில் மட்டும் நான் அவரை நிறுத்தி, யாரை ஏற்றினாள் என்று கேட்டேன்.

அவருக்குக் கேள்வி புரியவில்லை. "இரண்டு பேரையும்தான்" என்றார். "பெரிய படகாயிற்றே."